முடக்குக்கு முன்னால்

லைசன் கையில் கிடைத்த அன்று மாலையே வேன் சாவியைக் கேட்டு வந்து நின்றாய். அஸர் தொழுதுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வத்தேகமப் பக்கமிருந்து மழை இருட்டிக்கொண்டு வந்தது. மடவளை பஸாரில் கடைக்காரர்கள் வெளியே தொங்கவிட்டிருந்த சாமான்களை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள். "அப்பா, நாளெக்கி கூட்டாளிமாரோட நுவரெலியா போகப்போறன். வேன் சாவியெ தாங்களே" என்றாய். நான் தரவில்லை. நீ முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாய். உன் உம்மா உள்ளேயிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஏன் தரவில்லை என்று அன்றைக்கு எனக்கு ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. வாயால் சொன்னால் புத்திமதியாகப் போய்விடும், நீயும் போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

(வெளியூரில் இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் பெற்ற தகப்பன் வாப்பா, வாப்பாவின் வாப்பாதான் அப்பா. இது பேரனுக்கு எழுதியது.)

நீ பழகியது உன் வாப்பாவின் வேகன் ஆர் காரில். அது முன்சில்லு இழுக்கிற வண்டி. எஞ்சின் முன்னால், அதன் பாரம் முன்சில்லின் மேல், இழுப்பதும் திருப்புவதும் அதே முன்சில்லு. மாட்டு வண்டி மாதிரி. மாடு போகிற பக்கம் வண்டி போயே ஆகவேண்டும். அந்தக் காரை மழையில் வேகமாக முடக்குக்குள் கொண்டுபோனால் அது ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாமல் நேரே வழுக்கும். பயத்தில் எக்ஸலேட்டரிலிருந்து காலை எடுப்பாய், அநேகமாக அது திரும்பவும் சொல்கேட்கும். பயந்தவன் இயல்பாகச் செய்கிற காரியமே அங்கே மருந்தாகிவிடுகிறது. அதனால்தான் உன் தலைமுறைக்கு டிரைவிங் லேசாகத் தெரிகிறது.

என்னுடைய ஹயஸ் வேன் பின்னாலிருந்து தள்ளுகிற வண்டி. கொழும்பு புறக்கோட்டையில் நாட்டாமைகள் சரக்கு ஏற்றிய கைவண்டியைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பாய். முன்னால் ஒருவன் பிடித்துத் திருப்புவான், பின்னால் ஒருவன் தள்ளுவான். ஈரத் தரையில் திரும்பும்போது பின்னால் நிற்பவன் தெரியாத்தனமாக ஓர் உந்து உந்தினால் வண்டியின் வால் பக்கவாட்டில் போய்விடும். முன்னால் நிற்பவனுக்கு அது முதுகில் பட்ட பிறகுதான் தெரியும். வேனில் முன்னால் நிற்பவன் உன் கை, பின்னால் நிற்பவன் உன் வலது கால்.

இதற்காகப் பின்சில்லு வண்டியைக் கெட்ட வண்டி என்று நினைத்துவிடாதே. ஏற்றத்தில் அதுதான் ராசா. மேட்டில் ஏறும்போது பாரம் பின்னால் சாயும், பின்சில்லு தரையைக் கடித்துப் பிடிக்கும். பன்வில பக்கத்துத் தோட்டப் பாதைகளில் மழைக்குப் பிறகு முன்சில்லு கார்கள் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் காரைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றுவார்கள். அப்போது முன்சில்லு கீழ்ப்பக்கம் வந்து பாரம் அதன்மேல் விழும். எங்கள் மொரிஸ் மைனருக்கு அந்தத் தொல்லை கிடையாது. சின்ன எஞ்சின், நான்கு சில்லிலும் டிரம் பிரேக். முக்கி முனகியாவது முகத்தைக் காட்டியே ஏறிவிடும்.

எனக்கு டிரைவிங் பழக்கியவர் அப்படியொரு மொரிஸ் மைனர் வைத்து ஹயர் ஓடிய மனிதர். மௌத்தாகி நெடுநாள் ஆகிறது. முதல் நாளே "செருப்பக் கழட்டு" என்றார். மரியாதைக்கு என்று நினைத்தேன். இல்லை. ஈர ரப்பர் செருப்பு பெடலில் வழுக்கும், கழன்று பிரேக்குக்கு அடியில் சிக்கும். அதைவிட, வண்டி பேசுவது உள்ளங்காலுக்குத்தான் கேட்கும் என்பது அவர் கொள்கை. பின்சில்லு பிடியை விடுவதற்குச் சற்று முன்னால் ஒரு மாற்றம் வரும். எஞ்சின் சத்தம் கொஞ்சம் இலேசாகும், ஆசனம் இடுப்பின் கீழே ஒரு நூல் நகர்ந்தது போலிருக்கும். கண்ணுக்கு முன்னால் இடுப்பு அறியும். நீ பாட்டைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு, தடித்த அடியுள்ள சப்பாத்தோடு ஓட்டினால் அது உனக்குக் கேட்காது.

அவர் இன்னொன்றும் சொல்வார். டயரின் பிடியை ஒரு ரூபாய் என்று வை. காய்ந்த தார் பாதையில் உன்னிடம் முழு ரூபாய் இருக்கிறது. மழையில் அது ஐம்பது அறுபது சதமாகிவிடும். அந்தக் காசுக்குள்ளேதான் திரும்பவும் வேண்டும், பிரேக் போடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். முடக்கில் திரும்புவதற்கே ஐம்பது சதம் போய்விட்டால், பத்து சதத்தில் பிரேக் போட்டால் எப்படி? ரூபாய்க்கு மதிப்பிருந்த காலத்து மனிதர், அதனால் சதக் கணக்கு. கணக்கு இன்றைக்கும் அதுதான்.

இத்தனையும் தெரிந்த நான் என்ன செய்தேன் என்பதைக் கேள்.

விக்டோரியா அணை திறந்தது 1985 இல். பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் போய், மேட்டில் புதிய நகரம் எழும்பிக்கொண்டிருந்த காலம். நான் சம்பளத்துக்கு ஓடிய டிரைவர், வேன் முதலாளியுடையது. டிசம்பர் மாதம். வடகீழ்ப் பருவ மழை நக்கிள்ஸ் மலையின் கிழக்குச் சரிவை ஊறவைத்துக்கொண்டிருந்தது. மகியங்கனைப் பக்கம் ஒரு கலியாண வீட்டுக்கு ஆட்களைக் கொண்டுபோய் இறக்கினேன். பன்னிரண்டு பேர், அவர்களுடைய பெட்டிகள், பலகாரச் சட்டிகள். போகும்போது மகியங்கனைப் பாதையின் பதினெட்டு முடக்கையும் வேன் தொட்டில் ஆட்டுகிற மாதிரி இறங்கியது. அவர்கள் இரவு அங்கேயே தங்குவதாகச் சொல்ல, நான் வயிறு நிறையச் சோறும் வட்டிலப்பமும் சாப்பிட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினேன். மறுநாள் விடியற்காலையில் கட்டுநாயக்கவுக்கு ஒரு ஹயர் இருந்தது, சவூதி போகிற ஆள். நித்திரை கொள்ள வேண்டும் என்ற அவசரம்.

பதினெட்டு முடக்கையும் ஏறி, உடுதும்பர தாண்டி, ஹுன்னஸ்கிரியவிலிருந்து தெல்தெனியப் பக்கம் இறங்கத் தொடங்கினேன். பெரிய மழையில்லை. வைப்பரைப் போட்டால் கண்ணாடி கீச்சிடும், போடாவிட்டால் மங்கும், அந்த மாதிரித் தூறல். நாலாம் கியரில் வந்து ஒரு முடக்கின் வாய்க்குள் நுழைந்த பிறகுதான் வேகம் கூடிப்போனது தெரிந்தது. மழையில் முடக்குக்குள் பிரேக்கை அழுத்தக்கூடாது என்று படித்தவனல்லவா நான்? பிரேக்கைத் தொடவில்லை. புத்திசாலித்தனமாக இரண்டாம் கியருக்கு இறக்கி, கிளச்சைச் சட்டென்று விட்டேன்.

எஞ்சின் ஒரு கத்துக் கத்தியது. அடுத்த கணம் வேனின் வால் என்னை முந்திக்கொண்டு போக வந்தது. மரங்கள் கண்ணாடிக்குக் குறுக்கே ஓடின. ஸ்டியரிங்கைத் திருப்பினேனா, பிரேக்கைத்தான் மிதித்தேனா, இன்றைக்கும் எனக்கு ஞாபகமில்லை. வேன் நின்றபோது அதன் பின்சில்லு ஒன்று மலைப்பக்கத்துக் கானுக்குள் இருந்தது, முகம் வந்த வழியே மகியங்கனையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கான் பக்கம் போனது அல்லாஹ்வின் கருணை. மற்றப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கல்லும் அதற்கப்பால் வெறும் மூட்டமும்தான். பக்கத்துக் கடையிலிருந்து ஒரு சிங்களப் பெரியவர் குடையோடு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் கருப்பட்டித் துண்டோடு தேத்தண்ணி தந்தார். கை நடுங்கி பாதியைச் சாரத்தில் ஊற்றிக்கொண்டேன்.

அந்தக் கடை வாங்கிலில் உட்கார்ந்திருந்த அரை மணித்தியாலத்தில்தான் நான் டிரைவரானேன். லைசன் எடுத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகு.

நடந்தது என்ன? தாழ்ந்த கியரில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். நல்லதுதான். ஆனால் எஞ்சினோடு கட்டுப்பட்டிருப்பது பின்சில்லு இரண்டும் மட்டும். பிரேக் பெடலை மிதித்தால் நான்கு சில்லும் வேலையைப் பங்கு போடும். கியரை இறக்கினால் முழு வேலையும் பின்சில்லின் தலையில். கிளச்சைச் சட்டென்று விடுவது ஓடுகிற வண்டியில் ஹேண்ட்பிரேக்கை இழுப்பதற்குச் சமம். நான் பிரேக்கைத் தவிர்த்ததாக நினைத்துக்கொண்டு, பிரேக்கிலேயே கெட்ட பிரேக்கைப் போட்டிருக்கிறேன்.

அதோடு வேன் வெறுமை. ஹயஸில் எஞ்சின் முன் ஆசனத்தின் கீழே, டிரைவர் உட்காருவது முன்சில்லுக்கு மேலே. ஆட்கள் இறங்கிவிட்டால் பின்பக்கம் வெறும் தகரப் பெட்டி. இறக்கத்தில் இருக்கிற கொஞ்சப் பாரமும் முன்னால் சாயும். பன்னிரண்டு பேரோடு தொட்டிலாக இருந்த வண்டி, ஒரு ஆளோடு பட்டமாகிவிட்டது. ஆட்கள் நிறைந்திருக்கும்போது எல்லாரும் கவனமாகத்தான் ஓட்டுவோம். இறக்கிவிட்டு வருகிற வழியில்தான் மனமும் வண்டியும் ஒன்றாக இலேசாகிவிடுகின்றன.

மூன்றாவது காரணம் டயர். முன்னால் நல்ல டயர், பின்னால் தேய்ந்த ரீபில்ட் டயர். அந்தக் காலத்து வழக்கம் அது, இன்றைக்கும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் போய்விடும் என்ற பயம். உண்மையில் இரண்டு டயர்தான் மாற்றக் காசிருக்கிறது என்றால், புதியது இரண்டும் பின்னால் போகவேண்டும். முன்சில்லு வண்டிக்கும் அதே விதிதான். முன்பக்கம் வழுக்கினால் உனக்குத் தெரியும், வேகத்தைக் குறைத்துச் சமாளிப்பாய். பின்பக்கம் வழுக்கினால் சமாளிக்கப் பழகியிருக்க வேண்டும், நூற்றில் எத்தனை பேர் பழகியிருக்கிறார்கள்? டயர் கடையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நீ நின்று பூட்டிக்கொண்டு வா. டயரின் காடிக்குள் குறுக்கே சின்ன மேடு இருக்கும், உயரம் 1.6 மில்லிமீற்றர். ரப்பர் அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மழைக்கு நான் அதுவரைக்கும் காத்திருப்பதில்லை. பக்கத்தில் நான்கு இலக்கம் ஒன்றும் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது. காடி ஆழமாக இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும், ஈரத்தில் பிடிக்காது.

அன்றைக்குக் கடை வாங்கிலில் நான் எடுத்த முடிவு ஒன்றே ஒன்று. செய்ய வேண்டியதையெல்லாம் முடக்குக்கு முன்னால் செய்து முடிப்பது. பாதை இன்னும் நேராக இருக்கும்போதே பிரேக். நேராக இருக்கும்போதே கியர். கிளச்சை மெல்ல விட்டு, எஞ்சினும் சில்லும் ஒன்றுக்கொன்று ஸலாம் சொல்லிக்கொள்ள நேரம் கொடுத்து, அதன் பிறகு முடக்குக்குள் போ. உள்ளே போன பிறகு எக்ஸலேட்டரில் ஒரு முட்டையை மிதித்துக்கொண்டிருப்பது போல் கால். ஏற்றாதே, சட்டென்று எடுக்கவும் எடுக்காதே. சட்டென்று எடுத்தாலும் பாரம் முன்னால் பாயும், பின்பக்கம் எழும்பும். வண்டி வெளியே முகத்தைத் திருப்பி நேர்ப்பாதையைப் பார்த்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு.

இறக்கத்துக்கு ஒரு பழைய சொல் டிரைவர்மாரிடம் உண்டு. எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு என்பார்கள். நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர், கண்டி ஐந்நூறு மீற்றர் அளவில். லபுக்கலை, இறம்பொடை, புசல்லாவை, கம்பளை என்று அந்த உயரம் முழுவதையும் இறங்கி வரவேண்டும். பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் பிரேக் சூடேறும். பழைய பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், சூட்டில் அது கொதித்து ஆவியாக, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். 2025 மே 11 ஆம் திகதி விடியற்காலையில் கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது இந்தப் பாதையில்தான். அதற்குக் காரணம் என்னவென்று நான் சொல்ல வரவில்லை, அந்த இடத்தில் தவறுக்கு இடமில்லை என்பதை மட்டும் நினைவில் வை. நீ கூட்டாளிமாரோடு போகக் கேட்ட பாதையும் அதுதான்.

சரி, எல்லாம் செய்தும் வால் போகிறது என்று வை. அப்போது யோசிக்க நேரமில்லை, உடம்பு செய்யவேண்டும். எக்ஸலேட்டரிலிருந்து காலை எடு, கிளச்சை அழுத்து. பிரேக் வேண்டாம். வால் வலப்பக்கம் போனால் ஸ்டியரிங்கை வலப்பக்கமே திருப்பு, இடப்பக்கம் போனால் இடப்பக்கம். கண் பள்ளத்தைப் பார்க்கக்கூடாது. எங்கே போகவேண்டுமோ அங்கே பார், கை கண்ணின் பின்னால் போகும். இதுவரைக்கும் எல்லாரும் சொல்லித் தருவார்கள். சொல்லித் தராத ஒன்று, வால் திரும்பி வரும். நீ திருப்பிய ஸ்டியரிங்கை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால், திரும்பி வருகிற வால் மற்றப் பக்கத்துக்கு இரண்டு மடங்கு வேகத்தில் வீசும். பலர் கவிழ்வது அந்த இரண்டாவது வீச்சில்தான். அதனால் வால் திரும்பத் தொடங்கியதும் ஸ்டியரிங்கை நேராக்கத் தொடங்கு.

எழுத்தில் இது சமையல் குறிப்பு மாதிரி இருக்கிறது. கையால் பழகாமல் வராது. நீ போனில் பார்க்கிற டிரிஃப்ட் வீடியோக்களில் இதையேதான் வேண்டுமென்று செய்கிறார்கள், அகன்ற மைதானத்தில், தலைக்கவசத்தோடு. நுவரெலியாவில் 1930களிலேயே மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயம் தொடங்கிவிட்டது. நானும் வாலிப வயதில் போய் வேலியில் தொங்கிப் பார்த்திருக்கிறேன். அதில் எனக்குப் பிடித்தது வால் வீசியவர்களல்ல. வாலே ஆடாமல், ஒன்றும் நடக்காதது போல் ஏறிப்போன ஓரிருவர். கூட்டம் அவர்களுக்குக் கைதட்டவில்லை, நேரக்கணிப்பு மட்டும் அவர்கள் பக்கம் இருந்தது.

மழை என்றால் எல்லா மழையும் ஒன்றல்ல. எங்கள் ஊருக்கு மார்ச், ஏப்ரலில் பிற்பகல் இடிமழை வரும். வெயில் காய்ந்த பாதையில் பல நாள் ஒயிலும் தூசும் படிந்திருக்கும். முதல் பத்து நிமிஷத் தூறல் அதைக் கழுவாது, குழைக்கும். அந்தப் பத்து நிமிஷம்தான் கொடியது. கொட்டுகிற மழையைவிட நான் அதற்குத்தான் பயப்படுவேன். முடிந்தால் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்து. ஒக்டோபர், நவம்பர் மழை வேறு மாதிரி. நாள் கணக்கில் பெய்து மேட்டு மண்ணைப் பாதைக்கு இறக்கும். இன்னும் சில இடங்கள் எப்போதும் வழுக்கும்: பாலத்து இரும்பு இணைப்புகள், மஞ்சள் கடவையின் பெயின்ட், மூங்கில் இலை உதிர்ந்த நிழல் முடக்குகள், மரக்கறி லொறிகள் தண்ணீர் சொட்டிக்கொண்டு போன தடம். அந்த இடங்களில் சில்லு நேராகவும் கால் அசையாமலும் கடந்துபோ.

சமதரையில் வேறொரு ஆபத்து. 2022 ஜனவரியில் மீரிகமவுக்கும் குருநாகலுக்கும் இடையில் அதிவேக வீதி திறந்த பிறகு எங்கள் பக்கத்து வேன்களும் நூறில் ஓடப் பழகிவிட்டன. மழையில் தேங்கிய தண்ணீரின் மேல் டயர் படகு மாதிரி மிதக்கும், தரையைத் தொடாது. 1960களில் அமெரிக்க நாசா நிறுவனத்தில் விமான டயர்களை ஆராய்ந்தவர்கள் இதற்கு ஒரு கணக்கு கண்டுபிடித்தார்கள். டயரில் உள்ள காற்றின் இறாத்தல் கணக்குக்கு வர்க்கமூலம் எடுத்து, 10.35 ஆல் பெருக்கினால் மிதக்கத் தொடங்கும் வேகம் மைலில் வரும். முப்பது இறாத்தலுக்கு ஏறக்குறைய 57 மைல், அதாவது 91 கிலோமீற்றர். இருபது இறாத்தலுக்கு 74 கிலோமீற்றர்தான். காடி தேய்ந்திருந்தால் அதற்கும் முன்னாலேயே. மழைக்குக் காற்றைக் குறைத்தால் நன்றாகப் பிடிக்கும் என்று சொல்கிற கூட்டாளி எல்லார் கூட்டத்திலும் ஒருவன் இருப்பான். இந்தக் கணக்கை அவனுக்குக் காட்டு. மிதப்பது தெரிந்தால், ஸ்டியரிங் திடீரென்று இலேசாகும், ஒன்றுமே செய்யாமல் காலை மட்டும் மெல்ல எடு.

மூட்டத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தாழ்ந்த வெளிச்சம், ஹோர்ன், இடப்பக்கக் கோடு. ஓடிக்கொண்டே நான்கு சிக்னலையும் சேர்த்துப் போடாதே. நீ எந்தப் பக்கம் திரும்பப் போகிறாய் என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது.

பனியைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் நுவரெலியாவில் புல்லின் மேல் வெள்ளையாக உறைபனி படியும், நீயும் அதைப் படம் பிடிக்கத்தான் போகக் கேட்டாய். ஆனால் எங்கள் தார் பாதையில் கனடாவில் மாதிரிப் பனி கிடக்காது. அங்கேயிருக்கிற உன் மாமா முதல் குளிர்காலத்தில் மலிவாக ஒரு பழைய பின்சில்லுக் காரை வாங்கிவிட்டு எனக்குப் போன் எடுத்தான். வீட்டு வாசலில் பின்சில்லு சுற்றுகிறதாம், கார் அசையவில்லையாம். முப்பது பாகை வெயிலில் சாரத்தோடு உட்கார்ந்துகொண்டு நான் பனிக்கு வைத்தியம் சொன்னேன். அதே கைவண்டிக் கணக்குதான். டிக்கியில், பின் அச்சுக்கு மேலே, மண் மூட்டை இரண்டை வைத்து அசையாமல் கட்டு. இரண்டாம் கியரில் மெல்ல எடு. அவன் எனக்குத் திருப்பிப் பாடம் சொன்னான். ஏழு பாகைக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடுமாம், குளிர்கால டயர் வேறு ரப்பராம். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்த டயர் பூட்டுவது சட்டமாம். பனிக்கட்டியின் மேல் பிடி எவ்வளவு என்று கேட்டேன். எங்கள் ரூபாய்க் கணக்கில் பத்து சதம்தான். பத்து சதத்தோடு குடும்பம் நடத்துகிற மனிதர்கள் அவர்கள். மழைக்கு அறுபது சதம் வைத்துக்கொண்டு நாங்கள் பள்ளத்தில் விழுகிறோம்.

இதையெல்லாம் இப்போது கம்பியூட்டர் பார்த்துக்கொள்ளுமே என்பாய். உண்மைதான், புதிய வண்டிகளில் பார்த்துக்கொள்கிறது. பிரேக்கில் சில்லு இறுகாமல் காக்கும் ஏபிஎஸ்ஸை பொஷ் நிறுவனமும் மெர்சிடிஸும் 1978 இல் காருக்குக் கொண்டுவந்தார்கள். வால் வீசும்போது ஒவ்வொரு சில்லாகப் பிரேக் பிடித்து வண்டியை நேராக்குகிற ஏற்பாட்டை 1995 இல். இரண்டு வருஷம் கழித்து சுவீடனில் ஒரு மோட்டார் சஞ்சிகை, காட்டு மான் குறுக்கே வந்தால் விலகுவது போல மெர்சிடிஸின் புதிய சின்னக் காரை ஓட்டிப் பார்க்க, கார் கவிழ்ந்துவிட்டது. அதன் பிறகு அந்தச் சின்னக் கார் எல்லாவற்றிலும் அதைப் பூட்டினார்கள். நல்ல விஷயம், வாங்க முடிந்தால் அப்படி ஒன்றை வாங்கு. ஏபிஎஸ் உள்ள வண்டியில் பெடல் காலின் கீழே அதிரும், பயந்து விட்டுவிடாமல் அழுத்திப் பிடி. என்னுடைய வேனில் அது இல்லை. சில்லு இறுகினால் நீதான் விட்டு, திரும்ப மிதிக்க வேண்டும். அதோடு எந்தக் கம்பியூட்டரும் அறுபது சதத்தை ஒரு ரூபாயாக்காது.

கடைசியாக, போகாமல் இருப்பது. இதற்குத்தான் உன் வயதில் எனக்கும் பொறுமை இருக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது எங்கள் மலைநாடு பட்டதை நீ கண்ணால் பார்த்தாய். பாதைகள் பலவற்றின் விளிம்பு மேலே தார், கீழே வெறுமை என்று ஆகிப்போனது. மழை நாளில் எதிரே பஸ் வந்தால், மரியாதைக்காக வெளி ஓரத்தில் இறங்காதே. மலைப்பக்கம் ஒதுங்கி நில், அல்லது பின்னால் எடு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள் எச்சரிக்கை விடும். 100 தாண்டினால் அடுத்த படி, 150 தாண்டினால் சிவப்பு. மஞ்சள் விழுந்த அன்று என் வேன் வாசலைத் தாண்டாது. முன்பணம் வாங்கிய ஹயராக இருந்தாலும் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். ஒரு முறை அப்படித் திருப்பிக் கொடுத்தபோது பாதை ஒன்றும் ஆகவில்லை, வேறொரு வேனில் போய்ச் சந்தோஷமாகத் திரும்பி வந்தார்கள், என்னைப் பயந்தாங்கொள்ளி என்றும் பஸாரில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டேன்.

இரண்டு புது டயர் வாங்கி நேற்றுப் பின்சில்லில் பூட்டிவிட்டேன். மளிகைக் கடையில் சொல்லி ஐம்பது கிலோ அரிசி மூட்டை இரண்டு எடுத்து, பின் ஆசனத்துக்குக் கீழே கயிற்றால் கட்டியிருக்கிறேன். உம்மும்மா அரிசியைத் தேடினால் அது எங்கே என்று சொல்லாதே. ஊர் மைதானம் இரவு மழையில் நன்றாக ஊறியிருக்கும், வெள்ளிக்கிழமை காலையில் அங்கே பிள்ளைகள் விளையாட வரமாட்டார்கள். முதலில் மூட்டைகளோடு ஓட்டுவாய், பிறகு அவற்றை இறக்கிவிட்டு ஓட்டுவாய், நடக்கிற வேகத்தில்தான். சுபஹு தொழுததும் நேரே அங்கே வா. செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வா.